ஸ்வீடிஷ் மீட்பால்: எண்ணெயும் வெண்ணெயும் குறைந்தாலும் சுவை குறையாமல் – கேள்வி-பதில்

ஸ்வீடன் நாட்டவர் 'ஷொட்புல்லார்' என்று அழைக்கும் மீட்பாலைக் கொழுப்புக் குறைவாகச் சமைப்பது பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை உருண்டையைப் பற்றியே இருந்தன. ஆனால் அந்தத் தட்டில் கொழுப்பு மிகுதியாகச் சேரும் இடம் பல வீடுகளில் கிரீம் குழம்புதான் என்பதால், குழம்பைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கிரீமுக்குப் பதிலாகத் தயிர் ஊற்றினேன், குழம்பு திரிதிரியாகிவிட்டது. கிரீம் இல்லாமல் இந்தக் குழம்பைச் செய்ய வழியே இல்லையா?

வழி இருக்கிறது, கிரீமை முழுவதும் விலக்க வேண்டிய தேவையும் இல்லை. ஸ்வீடனில் அடித்து நுரைக்கவைக்கும் கிரீமில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பு இருக்கும். நான்கு பேருக்கான குழம்பில் அதை 300 மி.லி. ஊற்றினால், 120 கிராம் கொழுப்பு, அதாவது ஆளுக்கு 30 கிராம், குழம்பிலிருந்து மட்டுமே வந்துவிடுகிறது. சமையலுக்கென்றே 15 சதவீதக் கொழுப்புள்ள கிரீமும் அந்நாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைச் சிறுதீயில் பொன்னிறம் தாண்டும்வரை வறுத்து, 300 மி.லி. இறைச்சிச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்கி, ஐந்து நிமிடம் கொதித்தபின் இந்தக் கிரீமை 100 மி.லி. மட்டும் சேர்த்தால், ஆளுக்கு ஏழு கிராமுக்கும் குறைவான கொழுப்போடு குழம்பு தயாராகிவிடும். இதை ஏதோ பத்தியச் சமையல் என்று எண்ண வேண்டாம். மாவை வறுத்துச் செய்யும் பழுப்புக் குழம்பு, கிரீம் குழம்பைப் போலவே ஸ்வீடிஷ் வீடுகளில் வழங்கிவருவதுதான். நிறத்துக்கும் சுவைக்கும் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் ஊற்றுவதும் அங்கு வழக்கமே. அப்படி ஊற்றினால் குழம்பில் தனியே உப்புப் போடாதீர்கள்.

இனி, தயிர் திரிந்த காரணம். புளிப்பும் கடுஞ்சூடும் சேரும்போது பால் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகிறது; மிகுதியான கொழுப்பு இருந்தால் இது நிகழ்வது கடினம், கொழுப்பு குறையக் குறைய எளிதாகிறது. மாவிலுள்ள மாச்சத்து புரதத் துகள்களுக்கு இடையில் நின்று அவை ஒட்டுவதைத் தடுக்கும். ஆகவே தயிர்தான் வேண்டுமென்றால், மாவு கரைத்துக் கொதித்த குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி, தயிரில் முதலில் இரண்டு கரண்டி குழம்பை விட்டுக் கலக்கி, பிறகு அதைக் குழம்பில் சேர்த்து, மறுபடி கொதிக்கவிடாமல் பரிமாறுங்கள்.

கேள்வி: கொழுப்புக் குறைந்த மாட்டிறைச்சிக் கொத்துக்கறியில் செய்தால் உருண்டை ரப்பர் பந்துபோல் ஆகிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

கொழுப்பை எடுத்துவிட்டீர்கள்; அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை. வழக்கமான செய்முறையில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் கலந்த கொத்துக்கறியைப் பயன்படுத்துகிறார்கள். அதிலுள்ள கொழுப்பு இறைச்சி நார்களுக்கு இடையில் புகுந்து, அவை இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. 10 சதவீதம் அல்லது அதற்கும் குறைவான கொழுப்புள்ள கொத்துக்கறியில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது பாலில் ஊறிய ரொட்டித்தூள். 500 கிராம் கறிக்கு, 75 மி.லி. அளவு ரொட்டித்தூளை 150 மி.லி. பாலில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். ஊறாத தூளை நேராகக் கறியில் கொட்டினால், அது கறியின் சாற்றையே உறிஞ்சி நிலைமையை இன்னும் மோசமாக்கும். ரொட்டித்தூளுக்குப் பதிலாக ஓட்ஸ் போட்டால் நார்ச்சத்தும் கூடும், ஈரமும் நன்றாக நிற்கும். என் சொந்த விருப்பம் ஓட்ஸ்தான். கோலா உருண்டைக்குப் போடுவதுபோல் பொட்டுக்கடலை மாவு போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உருண்டை உடையாமல் நிற்கும். ஆனால் இந்த உணவுக்குரிய மென்மை வராது, அரிந்தால் பொடிப்பொடியாக உதிரும்.

அடுத்த தவறு பிசைவதில் நிகழ்வது. உப்புப் பட்டதும் இறைச்சியின் புரதம் பசைபோல் வெளிவருகிறது; உருண்டை உடையாமல் நிற்க அது ஓரளவு தேவை. சப்பாத்தி மாவைப்போல் அழுத்திப் பிசைந்துகொண்டே போனால் அந்தப் பசை வலைபோல் பின்னிக்கொண்டு, வேகும்போது சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். கறி குளிர்ந்திருக்கும்போதே, உப்பு, ஒரு முட்டை, துருவிய வெங்காயம், அரைத் தேக்கரண்டி ஆல்ஸ்பைஸ் (மசாலாக் கலவையல்ல, ஒரு மரத்தின் உலர்ந்த காய்) தூள், சிறிது வெள்ளை மிளகுத்தூள், ஊறிய ரொட்டித்தூள் ஆகியவற்றைச் சேர்த்து, எல்லாம் ஒன்றாகக் கலந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள். 500 கிராமுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு வேண்டாம். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு 20 கிராம் அளவில் உருட்டினால் கையில் ஒட்டாது.

கேள்வி: எங்கள் வீட்டில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் உண்பதில்லை. கோழியிலோ ஆட்டிறைச்சியிலோ செய்தால் அதை ஸ்வீடிஷ் மீட்பால் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். இந்த உணவே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் பன்னிரண்டாம் கார்ல் துருக்கியிலிருந்து கொண்டுவந்த செய்முறையை அடிப்படையாகக் கொண்டது என்று, 2018இல் ஸ்வீடன் நாட்டின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே அறிவித்துப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மன்னர் 1709 முதல் 1714 வரை, துருக்கியரின் உஸ்மானியப் பேரரசில் தங்கியிருந்தது வரலாறு. மீட்பால் அவரோடுதான் வந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. எப்படியானாலும், ஆட்டிறைச்சி அதற்கு அந்நியமானதாகத் தோன்றவில்லை. கொழுப்புக் குறைவாக வேண்டுமானால் தொடைப்பகுதியைக் கொத்தி வாங்குங்கள்.

கோழியில் நெஞ்சுக்கறி மட்டும் போட்டால் வறண்டுவிடும். தோல் நீக்கிய தொடைக்கறியைப் பாதியளவு கலந்துகொள்ளுங்கள். கோழிக்குத் தனி மணம் குறைவு என்பதால், வெங்காயத்தைப் பச்சையாகத் துருவிப் போடாமல், சிறிது எண்ணெயில் பழுப்பு நிறம் வரும்வரை வதக்கி, ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். கோழி உருண்டையின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸும், மற்ற இறைச்சியானால் 71 டிகிரியும் எட்டியிருக்க வேண்டும். கரம் மசாலா சேர்க்கலாமா என்று கேட்காதீர்கள். சேர்த்தால் சுவையான உருண்டை கிடைக்கும், ஆனால் அது வேறு உணவு.

கேள்வி: எண்ணெயே இல்லாமல் ஓவனில் வேகவைக்கலாமா?

வேகவைக்கலாம். 225 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் போதும். ஆயினும் வாணலியின் அடியில் ஒட்டிப் பழுப்பாகும் சாறுதான் குழம்பின் உயிர்; முழுவதும் ஓவனிலேயே முடித்துவிட்டால் குழம்பு வெளிறிப்போகும். நான் ஒரு மேசைக்கரண்டி கடுகினத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயில், வாணலியை நிரப்பிவிடாமல் இரண்டு தடவையாக உருண்டைகளின் வெளிப்புறத்தை மட்டும் சிவக்கவிட்டு, பிறகு ஓவனுக்கு மாற்றிவிடுகிறேன். வாணலியில் நெருக்கமாகப் போட்டால், சிவப்பதற்குப் பதிலாகத் தம் சாற்றிலேயே அவிந்துவிடும்.

கேள்வி: மீட்பாலோடு பரிமாறும் லிங்கன்பெர்ரி (சிறிய, புளிப்பான சிவப்புப் பழம்) ஜாமில் இருக்கும் சர்க்கரை இந்த முயற்சியையெல்லாம் வீணாக்கிவிடாதா?

ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்தினால் வீணாகாது. ஸ்வீடனில் இந்தப் பழத்தைக் காய்ச்சாமல், பச்சையாகவே சர்க்கரையோடு கலக்கிவைக்கும் முறை உண்டு. லிங்கன்பெர்ரியில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் இருப்பதால் அது எளிதில் கெடுவதில்லை. உறைந்த பழம் கிடைத்தால், 500 கிராமுக்கு 100 கிராம் சர்க்கரை மட்டும் சேர்த்து, கரையும்வரை அவ்வப்போது கிளறி, ஒரு வாரத்துக்கு வேண்டியதைக் குளிர்பெட்டியிலும் மீதியை உறைபெட்டியிலும் வையுங்கள். பக்கத்தில் வைக்கும் வெள்ளரிக்காய் ஊறலிலும் சர்க்கரை கணிசமாக உண்டு, அதையும் பாதியாக்கலாம். அந்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் செறிவான வினிகரை, தண்ணீர் கலக்காமல் மட்டும் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உருளைக்கிழங்கு மசியலுக்குப் பதிலாகத் தோலோடு அவித்த சிறு கிழங்குகள் வைத்தால் வெண்ணெய்க்கே வேலையில்லை.

கேள்வி: உறையவைத்த பாக்கெட் வாங்கலாமா?

வாங்கலாம், பாக்கெட்டின் பின்புறத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு உப்பு, இறைச்சியின் பங்கு எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் பாருங்கள். ஸ்வீடனில் இருப்பவர்களுக்கு எளிய வழி, 1989 முதல் அங்கு வழக்கிலுள்ள பச்சைச் சாவித்துளைச் சின்னம். ஒரே வகைப் பொருள்களுக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை குறைவானதையும் நார்ச்சத்து மிகுந்ததையும் அது காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: பன்றியிறைச்சி வெள்ளை இறைச்சிதானே? அப்படியானால் வாரத்தில் எத்தனை நாள் சாப்பிடலாம்?

ஊட்டச்சத்துக் கணக்கில் பன்றியிறைச்சியும் ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியைப் போலவே சிவப்பு இறைச்சிதான். ஸ்வீடன் உள்ளிட்ட வட ஐரோப்பிய நாடுகளுக்காக 2023இல் வெளியான நார்டிக் ஊட்டச்சத்துப் பரிந்துரை, சமைத்த எடையில் வாரத்துக்கு 350 கிராமுக்கு மேல் சிவப்பு இறைச்சி வேண்டாம் என்கிறது. ஆகவே அடிக்கடி வேண்டுமென்பவர்கள் உருண்டையிலேயே இறைச்சியைக் குறைக்கலாம். 350 கிராம் கொத்துக்கறியோடு, பொடியாக நறுக்கித் தண்ணீர் முற்றும் வற்றும்வரை வதக்கிய காளானை 150 கிராம் சேர்த்தால் சுவையில் பெரிய வேறுபாடு தெரியாது. காளானைச் சரியாக வற்றவிடாவிட்டால் உருண்டை ஓவனில் தட்டையாகப் படிந்துவிடும். அவித்து மசித்த பருப்பும் பொருந்தும். ஆனால் பருப்பு சேர்த்த உருண்டைகளைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால் கரையத் தொடங்கும் என்பதால், தட்டில் வைத்தபின் மேலே குழம்பை ஊற்றுங்கள்.