மூன்றே நாளில் மூட்டு வலி போனால் சந்தேகப்படுங்கள்

கேள்வி: என் மனைவிக்கு 36 வயது. காலையில் எழுந்தால் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகும். ரத்தப் பரிசோதனையில், இந்த மூட்டு நோயைக் காட்டும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டும் பாசிட்டிவ். டாக்டர் மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார், ஐந்து வாரமாகியும் பலனில்லை. அது புற்றுநோய் மாத்திரை என்று மெடிக்கலில் வேறு சொன்னார்கள். உறவினர் ஒருவர் கூரியரில் வரவழைத்துத் தந்த சூரணத்தில் மூன்றே நாளில் வலி போய்விட்டது. நான்கு மாதமாக அதைத்தான் சாப்பிடுகிறாள். முகம் மட்டும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. சூரணத்தையே தொடரலாமா? எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட ஏதாவது தரலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்கிறேன். வேண்டாம். உங்கள் மனைவிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவில்லை, அது ஆள் தெரியாமல் அடிப்பதுதான் நோயே. வேலியே பயிரை மேய்ந்த கதை. மூட்டின் உள்பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளையணுக்கள் அங்கே போய்க் குவிய, சவ்வு தடித்து வீங்கி, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்க ஆரம்பிக்கிறது. இதைத்தான் ஊரில் சரவாங்கி என்பார்கள், நாங்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ. என்போம். அரித்துப்போன எலும்பைப் பழையபடி கொண்டுவர மருந்து கிடையாது, அதனால்தான் ஆரம்ப மாதங்களை வீணாக்காதீர்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறோம்.

சரி, சூரணம். முகம் உப்பியிருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. மூன்று நாளில் வலி மறைவதும் சில மாதத்தில் முகம் உப்புவதும் சேர்ந்து வந்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். நான் சித்த மருத்துவத்தைச் சொல்லவில்லை. பட்டம் பெற்று, தன் பெயர் போட்டுச் சீட்டு எழுதுகிற சித்த மருத்துவர் வேறு, பெயரில்லாத டப்பாவைக் கூரியரில் அனுப்புகிறவர் வேறு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல், எதுவாவது இருக்கிறதா? ஃபோன் நம்பர் மட்டும் பெரிதாக இருக்கும். வாங்கித் தந்த உறவினர் நல்லெண்ணத்தில்தான் தந்திருப்பார். ஆனால் 'நாலு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு ஒரு டப்பா இலவசம்' என்று நடுவில் ஓர் ஆள் சொல்லியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இந்த மாயம் புதிதல்ல. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையில் புரளவே சிரமப்பட்ட இதே நோயுள்ள ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாளில் அவர் நடந்தார். 1950இல் நோபல் பரிசும் வந்தது. உப்பிய முகமும் மற்ற பக்கவிளைவுகளும் பின்னாலேயே வந்தன. இன்று நாங்களும் ஸ்டீராய்டு தருகிறோம்தான், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு, மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரை. உங்கள் டப்பாவில் ஒரு ஸ்பூனுக்கு எவ்வளவு இருக்கிறது என்று அனுப்பியவருக்கே தெரியாது.

அப்போ இன்றே நிறுத்திவிடலாமா? கூடாது. இதை இரண்டு முறை படியுங்கள். பத்து நாள் சாப்பிட்டவர் என்றால் நிறுத்திவிடு என்றிருப்பேன். நான்கு மாதம் என்பது வேறு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் அது உடனே எழுந்து வேலை செய்யாது. வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்கி மயக்கம், உயிருக்கே ஆபத்து. எனவே இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, அளவு தெரிந்த மாத்திரைக்கு மாறி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதுவரை டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள்.

மெத்தோட்ரெக்சேட்டைப் புற்றுநோய்க்கும் தருகிறார்கள், உண்மைதான், ஆனால் அங்கே அளவு பல மடங்கு. இது மெதுவாக வேலை செய்கிற மருந்து, 6 முதல் 12 வாரம் ஆகும். இந்த ஒரு வரியை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் நீங்கள் கூரியர் பக்கம் போயிருக்கவே மாட்டீர்கள். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் என்று ஓ.பி. ஓடினால் இப்படித்தான் ஆகும். இது வாரத்தில் ஒரே நாள் சாப்பிடுகிற மாத்திரை, திரும்ப ஆரம்பிக்கும்போது சீட்டில் கிழமையை எழுதி வாங்குங்கள், 'ஞாயிறு மட்டும்' என்று. சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கூடவே எழுதித் தருகிற ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை வேறு நாளில். ரத்தப் பரிசோதனை டாக்டர் சொல்கிற இடைவெளியில், மெடிக்கல்காரர் சொல்கிற இடைவெளியில் அல்ல. குழந்தைக்கு யோசனை இருந்தால் மாத்திரையைத் தொடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இந்த மருந்தில் இருக்கும்போது கருத்தரிக்கவே கூடாது.

ரூமட்டாலஜி டாக்டரை, அதாவது மூட்டு, வாத நோய்களுக்கான நிபுணரைப் பாருங்கள். பெரிய ஊர்களில்தான் கிடைப்பார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. போகும்போது சர்க்கரையும் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் வாந்தி, மயக்கம் என்று எந்த எமர்ஜென்சிக்குப் போனாலும், 'நான்கு மாதமாக ஸ்டீராய்டு கலந்ததாகச் சந்தேகப்படும் சூரணம் சாப்பிடுகிறாள்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.