தம்பியின் கடனை அடைக்காதீர்கள், சிகிச்சைக்குக் கொடுங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. பெங்களூரு அல்சூரில் கணவர், மகளோடு இருக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கைக்கு வருவது 52,000 ரூபாய். அம்மாவும் தம்பியும் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார்கள். தம்பிக்கு 31 வயது, பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் 19,000 சம்பளம். நாலு வருடமாகத் தினமும் குடிக்கிறான். கடந்த ஒன்றரை வருடத்தில் அவன் வாங்கிய ஆப் கடன் 40,000, கிரெடிட் கார்டு பாக்கி 65,000 இரண்டையும் நான்தான் கட்டினேன். பைக் கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருப்பதால் 14 மாதமாக 4,200 தவணையும் என் தலையில். இன்னும் 9 தவணை பாக்கி. இது போக, அம்மா கேட்பதால் அவன் கைச்செலவுக்கு மாதம் 3,000 ஜிபே செய்கிறேன். மகள் பெயரில் போட்டுவந்த 3,000 ரூபாய் ஆர்டியைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இப்போது அவனே சிகிச்சைக்கு வருகிறேன் என்கிறான். ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் தங்குவதற்கு 2 லட்சம், அதையும் முன்னாடியே கட்டச் சொல்கிறார்கள். 16 சதவீத வட்டியில் பர்சனல் லோன் எடுக்கலாமா, வளையலை அடகு வைக்கலாமா? ஓபி செலவையும் தருகிற புது ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசி ஒன்றை ஏஜென்ட் சொல்கிறார், அதை எடுத்தால் உதவுமா? கையில் 60,000 ரூபாய் எஃப்டி இருக்கிறது. கணவருக்கு இதில் பாதிதான் தெரியும்.

பதில்: இரண்டு கடனும் வேண்டாம், சகோதரி. எதில் வட்டி குறைவு என்பது கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை. தம்பி தானாக வருகிறேன் என்று சொல்லியிருப்பது பெரிய விஷயம். அதை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் நான்கு தொகைகளை ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள்.

ஆப் கடன் 40,000. கார்டு 65,000. பைக் தவணை 14 மாதத்துக்கு 58,800. கைச்செலவு 18 மாதத்துக்கு 54,000. மொத்தம் 2,17,800. மாதத்துக்குச் சராசரியாக 12,100 ரூபாய். அந்த மையம் கேட்கும் தொகையைவிட அதிகமாகவே ஏற்கெனவே செலவழித்துவிட்டீர்கள். அதில் ஒரு ரூபாய்கூட ஒரு மருத்துவருக்கோ மருந்துக்கோ போகவில்லை.

கெடுதல் இங்கேதான் இருக்கிறது. வீட்டு வாடகையும் சாப்பாடும் அம்மா பார்த்துக்கொள்கிறார்கள், வண்டித் தவணையும் கைச்செலவும் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், அந்த 19,000 எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆப் கடனை நீங்கள் முழுதாக அடைத்த மறுவாரமே அவன் போனுக்கு இன்னும் பெரிய தொகைக்கு அழைப்பு வந்திருக்கும். ஒழுங்காகக் கட்டுகிறவர் என்று அந்த ஆப் அவனை எடைபோடுகிறது. கட்டியது நீங்கள் என்பது அதற்குத் தெரியாது. உங்கள் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. பணம் போகும் திசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை முதலில் கேட்கிறேன். தம்பியின் சம்பளச் சீட்டை என்றாவது பார்த்தீர்களா? 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிற தொழிற்சாலை ஊழியர், தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடான ஈஎஸ்ஐ திட்டத்துக்குள் வருவார். 19,000 சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது மாதம் 143 ரூபாய் பிடித்திருப்பார்கள். முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். பிடித்தம் இருந்தால் அவனுக்கு டிஸ்பென்சரி, ஓபி, மருந்து, தேவைப்பட்டால் அட்மிஷன் எல்லாமே அந்தக் காப்பீட்டில் கிடைக்கும். ஸ்ரீராமபுரத்தில் இருந்துகொண்டு ராஜாஜிநகர் ஈஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தாண்டிப் போய், ஊருக்கு வெளியே 2 லட்சம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் சம்பாத்தியத்தில்தான் அம்மா இருக்கிறார் என்று பதிவு செய்திருந்தால் அவருக்கும் அதே இடத்தில் வைத்தியம் உண்டு.

இன்னொன்று. வேலைக்குப் போக முடியாத நிலை என்று ஈஎஸ்ஐ மருத்துவர் சான்று கொடுத்தால், சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை நோய்க்கால உதவித் தொகையாகக் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்த மாதிரி உரிமையெல்லாம் தொடர வேண்டுமென்றால் அவன் வேலையில் இருக்க வேண்டும். மூன்று மாதம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மையத்தில் போய் உட்கார்ந்தால் வேலை போகலாம், வேலை போனால் நாளடைவில் ஈஎஸ்ஐயும் போகும். வேலையில் இருந்துகொண்டே வாரத்துக்கு ஒரு நாள் ஓபிக்குப் போகிற சிகிச்சைக்குப் பண ரீதியாக இருக்கும் பெரிய பலம் இதுதான்.

ஓபி சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது, அதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் குடிக்கிறவர் வீட்டில் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், ஆள் தெரியாமல் பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்திருந்தால், முதல் சில நாட்கள் மருத்துவமனையில் படுக்கையில் இருந்துதான் ஆக வேண்டும். அதை முடிவு செய்வது மருத்துவர். நீங்களும் இல்லை, நானும் இல்லை, அந்த மையத்தின் மேனேஜரும் இல்லை. ஆகவே "நாளையிலிருந்து தொடாதே" என்று சத்தியம் வாங்கி வீட்டில் பூட்டி வைக்காதீர்கள்.

ஈஎஸ்ஐ இல்லையென்றால் ஓசூர் ரோட்டில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கென்றே தனி மருத்துவ மையம் அங்கே உண்டு. ஓபியும் உண்டு, அட்மிஷனும் உண்டு. பிபிஎல் ரேஷன் கார்டு இருந்தால் கட்டணத்தில் சலுகை கிடைக்கும், கையோடு கொண்டு போங்கள். காலையிலேயே போய்க் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கே ஆரம்பிப்பது என்று கேட்க 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. போதைக்கான தேசிய உதவி எண் 14446. குடியிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும், குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டங்களுக்கும் கட்டணம் இல்லை. அம்மாவை அல்-அனான் கூட்டத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். நீங்களும் நானும் சொல்லிப் புரியாதது, அதே வேதனையில் இருக்கும் இன்னொரு தாய் சொன்னால் புரியும்.

தனியார் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் தோராயக் கணக்கு போட்டுப் பாருங்கள். மனநல மருத்துவருக்கு ஒரு தடவை 1,000, கவுன்சலிங் 1,200, மருந்து மாதம் 2,000 என்று வைக்கிறேன். இடத்தைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். முதல் மாதம் வாரம் ஒரு முறை, அதோடு கல்லீரல் முதலான ரத்தப் பரிசோதனைக்கு 1,500 சேர்த்தால் 12,300. அடுத்த இரண்டு மாதம் மாதத்துக்கு இரண்டு முறை என்றால் 6,400 வீதம் 12,800. பிறகு ஒன்பது மாதம் மாதத்துக்கு ஒரு முறை என்றால் 4,200 வீதம் 37,800. ஒரு முழு வருடத்துக்கு 62,900. மாதச் சராசரி சுமார் 5,200. இப்போது நீங்கள் இறைக்கும் 12,100-இல் பாதிகூட இல்லை.

பர்சனல் லோன் பக்கம் பாருங்கள். 2 லட்சம், 16 சதவீதம், 3 வருடம் என்றால் தவணை ஏறக்குறைய 7,030. மொத்தம் கட்டுவது 2,53,000, பிராசஸிங் கட்டணம் தனி. சிகிச்சை மூன்றாவது மாதத்தில் முடிந்துவிடும். தவணை அதற்கப்புறமும் 33 மாதம் ஓடும். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவனுக்கு மருந்தும் கவுன்சலிங்கும் அதிகம் தேவைப்படும். அப்போது உங்கள் கையில் பணம் இருக்காது. குடிநோய் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டிய நோய், சர்க்கரை நோய் மாதிரி. பணத்தையும் அதற்கேற்ப மாதாமாதம் நீட்டி வைக்க வேண்டும், முதல் தொண்ணூறு நாளில் கொட்டிவிடக் கூடாது.

தங்கும் சிகிச்சைதான் வேண்டும் என்று மருத்துவரே சொல்லி, அரசு மருத்துவமனையில் இடமும் கிடைக்காவிட்டால் மட்டும் தனியார் மையத்தை யோசியுங்கள். 2017 மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், பாதியில் வந்தால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாதக் கட்டணத்தையும் மொத்தமாக முன்கூட்டிக் கேட்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம்.

ஓபி பாலிசிக்கு வருகிறேன். தயவுசெய்து இதற்காக அதை எடுக்காதீர்கள். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் காப்பீட்டில் வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அதனால் வரும் விளைவுகளும் கிடையாது என்ற விலக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பொதுவான விலக்குப் பட்டியலிலேயே 12-வது எண்ணில் இருக்கிறது. பெரும்பாலான பாலிசிகளில் அதை அப்படியே காணலாம். கல்லீரல் கெட்டு அட்மிட் ஆனாலும் இதைக் காட்டி மறுக்கலாம். ஏஜென்டிடம் பாலிசியின் விலக்குப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். குடியை மறைத்துப் படிவம் நிரப்பலாம் என்று சொன்னால் அந்த ஏஜென்டையே மாற்றுங்கள், நாளை க்ளெய்ம் மறுக்கப்படும்போது அவர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார். உங்கள் நிறுவனத்தில் ஊழியர்களின் குடும்பத்துக்கும் சேர்த்து இலவச கவுன்சலிங் வசதி இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேளுங்கள். பெங்களூரில் பல நிறுவனங்கள் இதை வைத்திருக்கின்றன, யாரும் கேட்பதில்லை.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று ஆன்லைனில் விற்கும் பவுடர்களை அம்மா வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாதபடி செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து கலந்திருந்து, அது தெரியாமல் அவன் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி ஆளே போகலாம். அந்த மருந்தை நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவர் மட்டுமே தர வேண்டும்.

இனி, பணத்தை எப்படி மாற்றுவது? பைக் கடனில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. அதைக் கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் கெடும், தொடர்ந்து கட்டுங்கள். ஆனால் பைக்கை விற்று மீதி 9 தவணையை, அதாவது சுமார் 37,800-ஐ முடித்துவிடப் பாருங்கள். முதல் வாரங்களில் கொடுக்கும் மருந்து தூக்கம் வரவைக்கும், எப்படியும் வண்டி ஓட்டக் கூடாது. ஸ்ரீராமபுரத்திலிருந்து பீன்யாவுக்கு மெட்ரோ நேராகப் போகிறது. கைச்செலவு 3,000 இந்த மாதத்தோடு நிற்கட்டும். மருத்துவருக்கும் மருந்துக் கடைக்கும் நீங்களே நேரடியாகக் கட்டுங்கள், அவன் கையில் கொடுக்காதீர்கள். இனி வரும் ஆப் கடனுக்கும் கார்டுக்கும் நீங்கள் ஜாமீன் இல்லையென்றால் உங்களுக்குச் சட்டப்படி எந்தப் பொறுப்பும் கிடையாது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் ஏஜென்ட் பேசக் கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டினால் பதிவு செய்து ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் கொடுங்கள். போட்டோவை மார்ஃபிங் செய்து அனுப்புகிற அளவுக்குப் போனால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கணவரிடம் முழுக் கணக்கையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுங்கள். 2,17,800 என்ற எண்ணோடு, இனி மாதம் 5,200 என்ற எண்ணையும் சேர்த்துச் சொன்னால் அவர் கோபம் வேறு மாதிரி இருக்கும். அம்மா அழுவார்கள். "பெத்த பிள்ளையை விட்டுட்டியா" என்பார்கள். அந்த நேரத்தில் மருந்துச் சீட்டையும் நீங்கள் கட்டிய ரசீதையும் காட்டுங்கள், வாதம் வேண்டாம்.

பைக்கை விற்று முடித்ததும் 12,100-இல் 5,200 போக 6,900 மிஞ்சும். அதில் 3,000-ஐ மகளின் ஆர்டிக்குத் திரும்பப் போடுங்கள். மீதியைத் தனிக் கணக்கில் சேருங்கள், எஃப்டியைத் தொட வேண்டாம். நாலாவது ஐந்தாவது மாதத்தில் அவன் மறுபடி ஒருநாள் குடித்துவிட்டு வரலாம், இந்த நோயில் அது சகஜம். அன்றைக்கு வீட்டில் சண்டை போடாமல், புதிதாக ஒரு மையத்தையும் தேடாமல், அதே வாரம் அதே ஓபிக்கு அழைத்துப் போங்கள். சில நாள் அட்மிஷன் தேவை என்று மருத்துவர் சொன்னால் அந்தத் தனிக் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டுங்கள்.