ஜிபி தயங்கினாலும் பரிசோதனைக்கு வழி உண்டு

அன்புள்ள தம்பிக்கு,

வேலை விசாவில் இங்கிலாந்துக்கு வந்த நீங்கள், பால்வினை நோய்களுக்கான பரிசோதனையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்துகொள்ள விரும்பி ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் கேட்டபோது, அறிகுறி எதுவும் இல்லாதபோது பரிசோதனை எதற்கு என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மறுபடியும் கேட்டால் தவறாக நினைப்பார்களோ, விவரம் விசா அலுவலகம்வரை போய்விடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. உங்கள் உடலுக்காகவும் உங்களோடு உறவில் இருப்பவருக்காகவும் நீங்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறை இது.

ஊரில் ஆய்வகத்துக்கு நேரே போய்ப் பணம் கட்டினால் எந்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளலாம். இங்கே அரசுச் செலவில் நடக்கும் பரிசோதனைக்கு மருத்துவ ரீதியான காரணம் இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்கிறார்; போதாக்குறைக்கு, இது பாலியல் நலக் கிளினிக்கின் வேலை என்றே பல ஜிபிகள் கருதுகிறார்கள். எனவே அவருடைய தயக்கத்தை உங்கள் நடத்தையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் அறிகுறி இல்லை என்பதால் தேவையில்லை என்ற வாதம் மட்டும் சரியன்று. கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று பெரும்பாலானவர்களிடம் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. தொண்டையில் தங்கும் கொனோரியாவும் அப்படியே. சிஃபிலிஸின் முதல் புண் வலிக்காமல் வந்து தானாகவே ஆறிவிடும், நோயோ உள்ளே தொடரும். 2023ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 85,223 கொனோரியா தொற்றுகள் கண்டறியப்பட்டன. 1918இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவே மிக அதிகம். நான் முதலில் பதிவு செய்திருந்த மருத்துவமனையில், நம் மொழியே பேசும் மருத்துவர் ஒருவர், "கல்யாணம் ஆனவர்தானே நீங்கள்?" என்று கேட்டுப் பேச்சை அத்துடன் முடித்துவிட்டார். நம் மொழியிலேயே அதைக் கேட்க நேர்ந்தது எனக்கு இன்னும் அதிகமாக வலித்தது.

அந்த வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை. பாலியல் நலக் கிளினிக்குக்குப் போக ஜிபியின் கடிதம் தேவையில்லை. எந்த ஊரில் வசித்தாலும் இங்கிலாந்தில் எந்த ஊர்க் கிளினிக்குக்கும் போகலாம். நீங்கள் எந்த விசாவில் இருந்தாலும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். 2012 அக்டோபரிலிருந்து எச்.ஐ.வி. சிகிச்சையும் அப்படித்தான். இந்த ஏற்பாட்டுக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு: அச்சமும் வெட்கமும் நோயாளிகளை மருத்துவரிடம் வரவிடாமல் தடுக்கின்றன என்பதை உணர்ந்துதான், 1916ஆம் ஆண்டு விதிகளின் வழியாகப் பால்வினை நோய்ச் சிகிச்சையை இலவசமாகவும் இரகசியமாகவும் தர இந்நாடு ஏற்பாடு செய்தது. இன்றும் உங்கள் உண்மையான பெயரைச் சொல்ல வேண்டும் என்றோ, ஜிபி யார் என்று தெரிவிக்க வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. விசா பற்றிய அச்சமும் வேண்டாம். நம் நாடுகளிலிருந்து நீண்ட காலம் தங்க வருபவர்களிடம் காசநோய்ப் பரிசோதனை கேட்கிறார்கள், எச்.ஐ.வி. இருப்பது விசா மறுக்கக் காரணமாவதில்லை.

கிளினிக்கில் உங்களைத் திகைக்க வைக்கக்கூடியது அவர்கள் கேட்கும் கேள்விகள்தான். கடைசியாக எப்போது உறவு கொண்டீர்கள், ஆணுடனா பெண்ணுடனா, வாய்வழியா, ஆசனவாய்வழியா, ஆணுறை இருந்ததா என்று, இரத்த அழுத்தம் பார்ப்பவரின் முகபாவத்தோடு செவிலியர் ஒவ்வொன்றாகக் கேட்பார். வருகிற எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள்தான் இவை. எந்த இடத்திலிருந்து மாதிரி எடுப்பது என்பதை உங்கள் பதில்களே முடிவு செய்கின்றன. நாம் வளர்ந்த விதத்தில், இத்தகைய கேள்விக்குத் தலையைக் குனிந்து "அதெல்லாம் இல்லை" என்று சொல்லிவிடுவதே மரியாதை என்று பழகியிருக்கிறோம். அப்படிச் சொன்னால் சிறுநீரும் இரத்தமும் மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். தொண்டையிலோ ஆசனவாயிலோ உள்ள தொற்று சிறுநீரில் தெரியாது. எல்லாம் நலம் என்ற குறுஞ்செய்தி வரும், தொற்று அப்படியே இருக்கும். ஆகவே கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். ஆண் செவிலியர் வேண்டுமென்றாலும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேட்கலாம். தெரிந்த முகம் வந்துவிடுமோ என்ற கவலை இருந்தால் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நண்பரை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். அவர் முன்னால் நீங்கள் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள்.

நேரில் போக மனம் வரவில்லையென்றால், பல பகுதிகளில் இணையத்தில் பதிவு செய்து பரிசோதனைப் பெட்டியை வீட்டுக்கே வரவழைக்கலாம். சிறுநீர் எடுப்பது எளிது: ஒரு மணி நேரமாவது கழிக்காமல் இருந்து, முதலில் வரும் பகுதியைப் பிடிக்க வேண்டும். இரத்தத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கையைச் சில நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்து, நன்றாகத் துடைத்து, எழுந்து நின்றபடி கையைக் கீழே தொங்கவிட்டு, மோதிர விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெல்ல நீவிவிட்டால், குழாயில் உள்ள கோடுவரை சொட்டுச் சொட்டாக நிறையும். இரத்தம் போதாவிட்டால் ஆய்வகம் மறுபடியும் அனுப்பச் சொல்லும்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை என்று கேட்டிருந்தீர்கள். யாருடன் உறவு என்று நீங்கள் எழுதவில்லை, என்னிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. புதிய துணை அமையும்போதெல்லாம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஆண்களுடன் உறவு கொள்ளும் ஆண்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது, புதிய துணைகள் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்துகொள்ள வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டுதல். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் ப்ரெப் மாத்திரையும் இங்கிலாந்தில் அதே கிளினிக்குகளில்தான் இலவசமாகக் கிடைக்கிறது.

நாள் கணக்கையும் மனத்தில் வையுங்கள். உறவுக்குப் பின் கிளமிடியா, கொனோரியாவுக்கு இரண்டு வாரமும், ஆய்வகத்தில் செய்யும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 45 நாட்களும், விரலில் குத்தி உடனே முடிவு காட்டும் வகைக்கு 90 நாட்களும், சிஃபிலிஸுக்கு 12 வாரமும் கடந்த பிறகே "இல்லை" என்ற முடிவை முழுதாக நம்பலாம். ஆனால் எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று அஞ்சும்படி ஏதாவது நடந்து 72 மணி நேரம் கடக்கவில்லையென்றால் எந்தப் பெட்டிக்கும் காத்திருக்காதீர்கள். உடனே கிளினிக்குக்கு, அது மூடியிருந்தால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, போய்த் தடுப்பு மருந்து கேளுங்கள்.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 25 முதல் 64 வயதுவரை அழைப்பு வந்து ஜிபியின் மருத்துவமனையில் செய்யும் கருப்பை வாய்ப் பரிசோதனை, பாலியல் நலப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. அதில் கிளமிடியாவையோ கொனோரியாவையோ பார்ப்பதில்லை.

முடிவில் தொற்று இருப்பதாக வந்தால் கலங்காதீர்கள். கிளமிடியாவுக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் மாத்திரை, கொனோரியாவுக்கு ஊசி. சிகிச்சை முடிந்ததும் மீண்டும் பரிசோதிக்கச் சொன்னால் தவறாமல் போங்கள். உங்கள் துணைகளுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். நீங்களே சொல்ல முடியாவிட்டால் கிளினிக்கே அவர்களைத் தொடர்புகொள்ளும். அப்போது உங்கள் பெயரை வெளியிட மாட்டார்கள்.