முட்டை வாங்கலாம், வைக்கலாம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நாங்குநேரி பக்கம் ஒரு பண்ணையில் வாரம் ஓர் அட்டை நாட்டு முட்டை வாங்குகிறோம். மே மாதம் வாங்கியதில் நாலைந்து முட்டையில் மஞ்சள்கருவின் மேல் சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது. அன்றன்று எடுத்த முட்டைதான் என்று பண்ணைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். நம்பலாமா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: நம்பலாம். கோளாறு உங்கள் சமையலறையிலேயே நடந்திருக்க வாய்ப்பு உண்டு. சேவலும் பெட்டையும் சேர்ந்து மேயும் இடத்தில் பெரும்பாலான முட்டைகளில் கரு கூடியிருக்கும். குஞ்சு பொரிக்கத்தான் 37.5 டிகிரியும் 21 நாளும் வேண்டும். கரு லேசாக அசையத் தொடங்க, 21 டிகிரிக்கு மேல் கொஞ்சம் போனாலே போதும். பாளையங்கோட்டையில் அக்னி நட்சத்திர நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தொடுகிறது. மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை ராத்திரியிலும் ஆறாது. அங்கே மூன்று நான்கு நாள் வைத்தால் நரம்பு தெரியத்தான் செய்யும். சூடு ஏறியும் இறங்கியும் இருப்பதால் கரு பாதியில் செத்துப்போகும். அதற்குப் பிறகு முட்டை அழுகுவது வேகமாக நடக்கும். வலைபோல நரம்பு ஓடியிருந்தால் கொட்டிவிடுங்கள். ஒற்றைச் சிவப்புப் புள்ளி மட்டும் என்றால் பயம் வேண்டாம். முட்டை உருவாகும்போது கோழியின் உடலுக்குள் சிறு ரத்தக்குழாய் கசிந்ததால் வருவது அது. ஸ்பூனால் எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

சாப்பாட்டுக்கு என்றால் சேவல் விடாத பெட்டைக் கோழிகளின் முட்டை உண்டா என்று கேளுங்கள். சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும். அந்த முட்டையில் கரு வளராது. நாமக்கல்லிலிருந்து வரும் வெள்ளை முட்டையும் அப்படித்தான். அதைப் ‘பிராய்லர் முட்டை’ என்பது ஊர்வழக்கம்; பிராய்லர் கறிக்கான இனம், இந்த முட்டையை இடுவது லேயர் கோழி. நாட்டு முட்டைதான் வேண்டுமென்றால் கோடையில் ஒரு அட்டைக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு மட்டும், காலையில் போய் வாங்குங்கள். கார் டிக்கியில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். வீடு வந்ததும் நேராக ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும்.

கிராமத்தில் வீடு வீடாகச் சேர்த்து வந்து விற்பவரிடம் வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். ஒரு கூடையில் நேற்றைய முட்டையும் பத்து நாள் முட்டையும் கலந்திருக்கும். சில நாள் அடையில் இருந்து எடுத்ததும் அதில் சேர்ந்துவிடுவது உண்டு. இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் செல்போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள். நல்ல முட்டை முழுக்க வெளிச்சம் ஊடுருவும், உச்சியில் காற்றறை சின்னதாகத் தெரியும். சிலந்திக் கால்போல நரம்போ, திட்டாகக் கறுப்போ தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் முட்டையெல்லாம் சேறும் எச்சமுமாக இருக்கிறது. கழுவித்தானே வைக்க வேண்டும்? (அம்பாசமுத்திரம்)

பதில்: கழுவக் கூடாது, சமைக்கும் நேரத்தில் மட்டும் கழுவலாம். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கோழி இடும்போதே அவற்றின் மேல் மெல்லிய பூச்சு படிந்து காய்கிறது; கிருமியைத் தடுக்கும் காவல் அதுதான். தண்ணீரில் தேய்த்தால் பூச்சு போய்விடும். பச்சைத் தண்ணீர் இன்னும் மோசம். முட்டைக்குள் இருப்பது குளிர்ந்து சுருங்கும்போது, வெளியிலுள்ள அழுக்குத் தண்ணீரைத் துளை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். வாளியில் ஊறப்போடுவதுதான் எல்லாவற்றிலும் கெடுதல்.

லேசாக ஒட்டிய மண்ணைக் காய்ந்த துணியாலோ தேங்காய் நாராலோ மெல்லத் துடைத்து எடுங்கள். எச்சம் அப்பிய முட்டையை வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கிவிட்டால் முட்டையைவிடச் சூடான, கை பொறுக்கும் வெந்நீரை ஊற்றிக் கழுவி, உடனே துடைத்து, அன்றே நன்றாக வேகவைத்துத் தீர்த்துவிடுங்கள். விரிசல் விட்டதை விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பண்ணையில் முட்டை அழுக்காக இருந்தால் முட்டைப்பெட்டியில் உமியோ வைக்கோலோ மாற்றவில்லை என்று அர்த்தம். அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

ஃப்ரிட்ஜில் கூர்முனை கீழே இருக்கும்படி, உள்தட்டில் மூடிய டப்பாவில் வையுங்கள். கதவில் முட்டைக்கென்று குழி கொடுத்திருக்கிறார்கள்தான். ஆனால் திறந்து மூடும்போதெல்லாம் சூடு படும் இடம் அது. 5 டிகிரிக்குள் இருந்தால் மூன்று வாரம் தாராளமாகத் தாங்கும். வெளியே எடுத்த முட்டையில் வேர்வைபோல ஈரம் கோத்தால் அதைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். அந்த ஈரமே கிருமிக்கு வழி. வேகவைத்ததை ஓட்டோடு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம்.

கேள்வி: டீத்தண்ணீரில் முக்கி நாட்டு முட்டை என்று விற்கிறார்கள். எலுமிச்சம்பழம் தேய்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே? (திசையன்விளை)

பதில்: எலுமிச்சை உண்மையான பழுப்பு முட்டையின் நிறத்தையும் எடுத்துவிடும். அந்த நிறம் ஓட்டின் மேற்பரப்பில்தான் இருக்கிறது, புளிப்பு அதைக் கரைக்கும். இதை வைத்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். ஈரத்துணியால் துடைத்ததுமே சாயம் துணியில் இறங்கினால் சந்தேகப்படலாம். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம் என்றாலும் யோசியுங்கள். நாட்டு முட்டை சாதாரணமாக 40 கிராம் அளவில், ஒன்றுக்கொன்று வேறுபட்டே இருக்கும். பெரிய பழுப்பு முட்டை கலர் லேயர் கோழியுடையதாக இருக்கலாம். அது கலப்படம் அல்ல, நாட்டு முட்டை விலைக்குத் தகுதியும் இல்லை.

தண்ணீரில் போட்டுப் பார்ப்பது வயதை மட்டும் சொல்லும். படுத்தால் புதியது, நின்றால் பழையது, மிதந்தால் வேண்டாம். கிருமி உள்ள முட்டையும் படுத்துத்தான் கிடக்கும்.

கேள்வி: மகள் வயசுக்கு வந்திருக்கிறாள். அத்தையும் ஆச்சியும் பச்சை நாட்டு முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (கடையம்)

பதில்: நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுங்கள். முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். சால்மோனெல்லா என்ற கிருமி ஓடு சுத்தமாக இருக்கும் முட்டைக்குள்ளேயும் இருக்கலாம். நல்லெண்ணெய் அதைக் கொல்லாது. பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேரும், வெந்ததில் பத்தில் ஒன்பது பங்கு சேரும். ஆச்சியிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். சத்துக்காகத்தானே கொடுக்கச் சொல்கிறார். நல்லெண்ணெயில் உடைத்து ஊற்றி, மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவிட்டால் இரண்டு பக்கமும் சரி. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆஃப்பாயில், கலக்கி வேண்டாம்.

கேள்வி: கடையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. மண்பானையில் ஈரமணல் போட்டு முட்டை வைக்கலாமா? (சுரண்டை)

பதில்: காற்று வறண்டிருக்கும் பங்குனி, சித்திரையில் நன்றாக வேலை செய்யும். பெரிய பானையில் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, அதில் முட்டை, மேலே மெல்லிய துணி. மணல்தான் ஈரமாக இருக்க வேண்டும், முட்டையில் ஈரம் படவே கூடாது. சாரல் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை குளிராது, ஓட்டில் பூஞ்சை பிடிக்கும். அப்போது காற்றோட்டமான ஓலைப்பெட்டி போதும். இட்ட 24 மணி நேரத்துக்குள், கழுவாத சுத்தமான முட்டையில் சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்துப் பூசினால் துளைகள் அடைபட்டு, நீர் வற்றுவது குறையும். இவ்வளவு செய்தாலும் கோடையில் நான்கைந்து நாளுக்கு மேல் வைத்து விற்காதீர்கள். இட்ட தேதியைப் பென்சிலால் ஓட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். பழையது முதலில் போகட்டும்.

கேள்வி: அன்று இட்ட முட்டையை வேகவைத்தால் தோல் உரிய மாட்டேன் என்கிறதே? (முக்கூடல்)

பதில்: புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமிலவாயு இன்னும் வெளியேறாமல் இருப்பதால் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். வேகவைக்க ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் இருந்ததை எடுங்கள். அவசரமென்றால் கொதிக்கும் தண்ணீரில் முட்டையை இறக்கி 12 நிமிடம் வேகவைத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு உரியுங்கள்.