பர்மா தேக்கும் பாஸிவ் வாய்ஸும்

கேள்வி: எங்கள் பழைய வீட்டைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு நான்தான் சுற்றிக் காட்டுகிறேன். ‘தி டீக் வாஸ் பிராட் ஃப்ரம் பர்மா’ என்பேன். அது பாஸிவாம், அதாவது செயப்பாட்டு வினையாம், பேரன் சொல்கிறான். ‘மை கிராண்ட்ஃபாதர் பிராட் தி டீக்’ என்றாலும் அதே பிராட்தானே? அப்புறம், ‘தி டோர் இஸ் லாக்ட்’ என்பது எதில் சேர்த்தி?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பேரன் சொன்னது சரிதான் ஆச்சி. பிராட், பில்ட், மேட், சென்ட் இவற்றுக்கெல்லாம் இறந்தகால வடிவமும் பாஸ்ட் பார்ட்டிசிபிள் எனும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. ஆளைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. காரைக்குடியில் டியூஷன் எடுத்த காலத்தில் பிள்ளைகளுக்கு நான் சொன்ன வழி இது: அந்த இடத்தில் ‘டேக்’ போட்டுப் பாருங்கள். அதற்கு டுக், டேக்கன் என்று இரண்டும் வேறு வேறு. ‘கிராண்ட்ஃபாதர் டுக்’ என்றுதான் வரும், ‘டீக் வாஸ் டேக்கன்’ என்றுதான் வரும். டேக்கன் பொருந்தினால் அது பார்ட்டிசிபிள்.

பார்ட்டிசிபிள் வந்துவிட்டாலே பாஸிவ் ஆகிவிடாது. அதற்கு முன்னால் இஸ், ஆர், வாஸ், வேர், பீன், பீயிங் என்று ‘பி’ குடும்பத்தில் ஒருவர் நிற்க வேண்டும். ‘ஹி ஹேஸ் பில்ட் எ ஹவுஸ்’ ஆக்டிவ்தான், செய்வினை. ‘திஸ் ஹவுஸ் ஹேஸ் பில்ட் இன் 1912’ என்று சொல்லும் கைடுகளை நம் பக்கம் நிறையக் கேட்டிருக்கிறேன். வீடே எழுந்துபோய் எதையோ கட்டிவிட்டு வந்ததாக அர்த்தம்! ஆண்டைச் சொன்னால் ‘வாஸ் பில்ட்’.

‘பை’ வருகிறதா என்று தேட வேண்டாம். தேக்கை யார் கொண்டுவந்தார் என்று நீங்கள் சொல்லவே இல்லை, ஆனாலும் அது பாஸிவ். ‘ஆத்தங்குடி டைல்ஸ் ஆர் மேட் பை ஹேண்ட்’ என்பதில் பை இருக்கிறது, ஆனால் ஹேண்ட் என்பது செய்த ஆள் இல்லை, செய்யும் விதம். அந்த டைல்ஸை ‘பேக்ட்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது சூளைக்கே போவதில்லை. கண்ணாடிமேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, காயவைப்பதோடு சரி.

கதவு விஷயம் கொஞ்சம் சிக்கல். ‘தி டோர் இஸ் லாக்ட் பை தி வாட்ச்மேன் எவ்ரி நைட்’ என்றால் பூட்டுகிற வேலை நடக்கிறது, பாஸிவ். மாடிப்படியில் நின்று வெறுமனே ‘தி டோர் இஸ் லாக்ட்’ என்றால் கதவு இருக்கும் நிலை, அங்கே லாக்ட் பெயரடை. ‘தி விசிட்டர்ஸ் ஆர் டயர்ட்’ என்பதும் அப்படித்தான். ‘ஆர்’ என்பதை எடுத்துவிட்டு ‘லுக்’ போட்டாலும் வாக்கியம் நிற்கும். கதவுக்கு ‘ரிமெய்ன்ஸ்’ போட்டுப் பாருங்கள். உங்கள் பேரன் பரீட்சையில் அதையும் பாஸிவ் என்று எழுதினால் நான் மார்க் குறைக்க மாட்டேன்.