பெயர்களை எண்ணியவர்

கேள்வி: ஜப்பானிய ஆய்வாளர் நொபொரு கராஷிமா சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை எண்ணிப் பட்டியல் போட்டார், நீலகண்ட சாஸ்திரியைப் போல் சோழர் வரலாற்றை முழுமையாக எழுதவில்லை. அவரைப் பெரிய வரலாற்றாசிரியர் என்பது மிகையல்லவா?

பதில்: எண்ணினார் என்பதற்காகவே அவர் பெரியவர். 1935-இல் முதல் தொகுதி வெளிவந்த சாஸ்திரியாரின் 'சோழர்கள்' நூலுக்குப் பின்வந்த அனைவரும், கராஷிமா உட்பட, கடன்பட்டவர்களே. ஆனால், ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வசதியான இரண்டொன்றை எடுத்துக்காட்டிச் சோழர் கால ஊராட்சியைப் பற்றி எதையும் நிறுவிவிடலாம் என்ற நிலை அதற்குப் பின்னும் நீடித்தது.

1933-இல் பிறந்த கராஷிமா, 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், அப்போது உதகமண்டலத்தில் இயங்கிய கல்வெட்டு அலுவலகத்திலும் பயின்றார். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை அவர் ஒப்பிட்டபோது, வேளாளர் ஊரான முன்னதில் நிலம் ஊராரின் பொதுவுடைமையாக இருந்ததும், பிரமதேயமான, அதாவது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊரான பின்னதில் தனியார் உடைமையாக இருந்ததும் தெரியவந்தன. இந்தியக் கிராமம் எங்கும் ஒரே அச்சு, என்றும் மாறாதது என்ற ஐரோப்பியக் கோட்பாடு, இரண்டே ஊர்களின் சான்றில் ஆட்டம் கண்டது. அதோடு நிற்காமல், சோழர் காலத்தை நான்கு உட்பிரிவுகளாகப் பகுத்து, நில விற்பனைகளையும் 'மூவேந்தவேளான்' போன்ற பட்டங்களையும் காலவாரியாகத் தொகுத்துப் பார்த்ததில், பிற்காலத்தில் தனியார் நிலவுடைமை வலுத்தது புலப்பட்டது. நீங்கள் எளிதாகச் சொல்லும் அந்தப் பட்டியல், எ. சுப்பராயலு, தோரு மாட்சுயி ஆகியோருடன் சேர்ந்து அவர் 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பெயரடைவு. சலிப்பூட்டும் வேலைதான், அதைச் செய்ய நம்மவரில் பலர் முன்வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோயில் சுவரில் பெயர் பொறிக்கப்படாத உழுகுடிகளைப் பற்றி இந்த முறையால் அதிகம் சொல்ல இயலாது. உங்கள் ஐயம் அந்த இடத்தில் எழுந்திருந்தால் விவாதிக்கப் பொருள் இருந்திருக்கும். மற்றபடி, இன்று சோழர் கால நிலவுடைமையை ஆராய்பவர் ஒற்றைக் கல்வெட்டைக் காட்டிப் பொது முடிவு சொன்னால், "மற்றவை என்ன சொல்கின்றன?" என்ற கேள்வி உடனே எழுகிறது. அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்கியதில் கராஷிமாவின் பங்கு பெரிது.