படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

பெங்களூரு அல்சூரிலிருந்து மகனுடன் வந்திருந்த பெற்றோருக்கு,

வளாகத் தேர்வில் கிடைத்த வேலைக்கான பின்புலச் சரிபார்ப்புப் படிவத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் கலங்கி அமர்ந்திருந்தது என் கண்ணிலேயே நிற்கிறது. 2023-இல் பேருந்து நிறுத்தத்தில் நடந்த கைகலப்புக்காகப் பதிவான வழக்கு, குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு நீதிமன்றத்திலேயே சமரசமாகி முடிந்துவிட்டது. படிவத்தில் வழக்கு பற்றிக் கேட்கும் இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடச் சொல்கிறார் பெரியப்பா; வேலையை விட்டுவிட்டு, 15 லட்சம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.ஏ. சேர்க்கச் சொல்கிறார் தாய்மாமன். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

எம்.பி.ஏ. முடித்து வேலைக்குப் போகும்போதும் இதே கேள்விகள் வரும். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடினால் இதே வழக்கும் வரும். வீட்டை அடகு வைத்து அந்தப் படிப்பில் சேர்ப்பதை நான் திட்டவட்டமாக எதிர்க்கிறேன்.

படிவத்திலுள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று வேறானவை. முதல் தகவல் அறிக்கை என்பது காவல் நிலையத்தில் பதிவான தகவல் மட்டுமே. விசாரணை முடிந்து காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. குற்றவாளி என்று தீர்ப்பானால்தான் தண்டனை பெற்றவர். சாட்சி விசாரணைக்கு முன்பே ஆதாரம் போதாமல் வெளியே விடுவது விடுவிப்பு, விசாரித்தபின் குற்றமில்லை என்பது விடுதலை. உங்கள் மகன் மீதிருந்தவை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 341 (வழிமறித்தல்), 323 (காயப்படுத்துதல்) பிரிவுகள். சட்டப்படி சமரசமாகும் இத்தகைய குற்றங்களில், சமரசத்துக்கு விடுதலைக்குரிய விளைவே உண்டு. ஆகவே ‘தண்டனை பெற்றதுண்டா’ என்பதற்கு ‘இல்லை’ என்பது உண்மை. ‘வழக்குத் தொடரப்பட்டதுண்டா’ என்பதற்கு ‘ஆம்’ என்று எழுதி, உத்தரவின் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், அரசுப் பணிக்கான சரிபார்ப்பில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றது. உண்மையைச் சொன்னவரைப் பற்றியும் முடிவெடுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எனவே வேலை உறுதி என்று நான் வாக்குத் தரமாட்டேன்.

அன்று நீங்கள் கவனிக்காத ஒன்றை நான் கவனித்தேன். கன்னடத்திலிருந்த அந்த உத்தரவை வரிவரியாகப் படித்து, எனக்குத் தமிழில் விளக்கினான் உங்கள் மகன். சட்டம் படிக்க ஆசை என்று தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவன்தான். சரிபார்ப்பு நிறுவனங்களில் நீதிமன்றப் பதிவுகளைப் படித்து அறிக்கை எழுதும் வேலைக்கு இப்படிப்பட்டவர்கள் வேண்டும். நம்மவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வரும், அப்பா பெயரே கடைசிப் பெயராகிவிடும். தமிழக ஆவணத்தில் ‘த/பெ’ என்றும் கன்னட ஆவணத்தில் ‘பின்’ (இன்னாரின் மகன்) என்றும் இருப்பதைப் படித்து, தந்தை பெயரையும் முகவரியையும் ஒப்பிடத் தெரியாதவர், வேறொரு கார்த்திக்கின் வழக்கை இந்தக் கார்த்திக்கின் தலையில் கட்டிவிடுவார். சட்டப் பிரிவுகளிலும் அதே ஆபத்து இருக்கிறது. பழைய சட்டத்தில் 302 கொலை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு, கொலைக்கு 103. குற்றம் நடந்த தேதியைப் பாராமல் எண்ணை மட்டும் எழுதினால் ஒருவனுடைய பிழைப்பே போய்விடும்.

பி.காம். முடித்ததும் மூன்றாண்டு எல்.எல்.பி. சேரலாம். அஞ்சல்வழிச் சட்டப் படிப்பை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. நேரடி வகுப்பே வேண்டும். ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்தில் தண்டனை பெற்றவருக்கு வழக்கறிஞர் சட்டத்தின் 24ஏ பிரிவு தடை விதிக்கிறது. இவன் தண்டனையே பெறாததால் அந்தத் தடை இவனுக்கு இல்லை. ஆனால் பதிவுக்கான விண்ணப்பத்தில் வழக்கைப் பற்றிக் கேட்டால் அங்கும் மறைக்கக் கூடாது.

சான்றிட்ட நகலுக்கு நாளைக்கே மனுச் செய்யுங்கள். எம்.பி.ஏ. இடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம் என்று தாய்மாமனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நகல் கைக்கு வந்ததும் படிவத்தை அவனே தன் கையால் நிரப்பட்டும். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு கேள்வியையும் அவனோடு உட்கார்ந்து படிக்க நான் இருக்கிறேன்.